நாவலாசிரியர்களுக்குக் கதைக்கரு எங்கிருந்து கிடைக்கிறது? ஒரு தென்னைமரத்தை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி: நான்கெல்லை

வணக்கம். டெல்டாவில் ஒரு சிற்றூரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், 22 ஆண்டுகளாகப் பத்திர எழுத்தராகத் தொழில் செய்து வருகிறேன். நாவல் ஒன்று எழுதிவிட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. மூன்று முறை தொடங்கியிருக்கிறேன். மூன்றும் நாற்பதாம் பக்கத்தை எட்டுவதற்குள் மூச்சடங்கிவிட்டன. "தினம் பத்துக் குடும்பத்துச் சண்டையைக் கேட்கிறீர்கள், எழுத விஷயத்துக்கா பஞ்சம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பஞ்சமில்லைதான். பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், உயில், ரத்துப் பத்திரம் என்று என் மேசையைக் கடந்து போனவற்றைக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகங்களே நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நாவலாகவில்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆளும் ஊரும் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், தம் வீட்டையும் கொல்லையையும் மருமகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்க வந்தார். மகன் உயிரோடுதான் இருந்தார், உடன் வரவில்லை. நான்கெல்லை, தபசில் என்னும் சொத்து விவரம் எல்லாம் எழுதி, "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரி வரையில் வாசித்துக் காட்டியபோது அந்த அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார். கொல்லையில் இருக்கும் ஏழு தென்னைகளில், கிணற்றடி மரத்துக் காய்களை மட்டும் தம் ஆயுள் உள்ளவரை தாமே அனுபவித்துக்கொள்வதாக ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். "வீட்டையே கொடுத்துவிட்டு ஒரு மரத்தை ஏன் அம்மா வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன். "எழுதுங்க தம்பி" என்றார். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே எழுதத் தொடங்கி, பத்து நாளில் 38 பக்கம் எழுதினேன். பிறகு, உண்மையைத் தெரிந்துகொண்டால் இன்னும் நன்றாக எழுதலாமே என்று எண்ணி, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். மகனின் கடன், அடகில் மூழ்கிய நகை, மருமகள் பிறந்த வீட்டிலிருந்து வாங்கிவந்து அடைத்த பணம், மரத்தை நட்டவர் யார் என்பது வரை அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்தபோது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எழுதுவதற்குத்தான் எதுவும் இல்லை. அந்த நோட்டை அதன் பிறகு நான் திறக்கவில்லை.

பெரிய நாவலாசிரியர்களுக்குக் கரு எங்கிருந்து வந்தது, கேட்ட பத்துக் கதைகளில் வளரக்கூடிய ஒன்றை அவர்கள் எப்படி இனம் கண்டார்கள், முழு உண்மையும் தெரிந்துகொள்வது நாவலுக்கு உதவுகிறதா அல்லது கெடுக்கிறதா என்பவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: படித்துறை

நான்கெல்லை ஐயா, தங்களுக்கு நேர்ந்தது 130 ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் ஹென்றி ஜேம்ஸ் என்ற நாவலாசிரியருக்கும் ஏறத்தாழ அப்படியே நேர்ந்திருக்கிறது. அங்கும் ஒரு தாய், ஒரு மகன், ஒரு வீட்டுச் சொத்து என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1893-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு, விருந்து ஒன்றில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி, பேச்சுவாக்கில் ஒரு செய்தியைச் சொன்னார். வடக்கே நல்ல பெயரெடுத்த சீமாட்டி ஒருவர் தம் ஒரே மகனோடு தீராப் பகை கொண்டிருக்கிறார். தகப்பனார் இறந்ததும் பழைய மாளிகை மகனுக்கு வந்துவிட்டது. அதிலுள்ள விலையுயர்ந்த மரச்சாமான்கள் யாருக்கு என்பதில் சண்டை. மொத்தமே பத்துச் சொல்தான் இருக்கும் என்று ஜேம்ஸ் பின்னாளில் எழுதினார். அந்தப் பத்துச் சொல்லிலேயே, அம்மை குத்தும்போது சுருக்கென்று ஊசி இறங்குவதைப் போலக் கரு உள்ளே இறங்கிவிட்டதாம். பக்கத்திலிருந்த பெண்மணி அதோடு நிறுத்தவில்லை. பிறகு என்ன நடந்தது, யார் என்ன செய்தார் என்று மேலும் மேலும் சொல்லிக்கொண்டே போனார். வாழ்க்கை தன் கையில் கிடைத்த நல்ல பொருளைத் தானே அசட்டுத்தனமாகப் பாழாக்கிக்கொண்டிருப்பதாக ஜேம்ஸுக்குத் தோன்றிற்று. 'தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாய்ண்டன்' என்ற நாவல் 1897-இல் வெளிவந்தது. அதன் பிறப்பைப் பற்றிய இவ்விவரங்களை 1908-இல் தாமே எழுதிய முன்னுரையில் அவர் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் இதையே தெரிந்து, திட்டமிட்டுச் செய்தார். பதிப்பகம் ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, கறுப்பின மக்களின் வரலாற்றை ஆவணங்களாகவும் படங்களாகவும் தொகுத்து 1974-இல் வெளிவந்த 'தி பிளாக் புக்' என்ற நூலுக்காகப் பழைய பத்திரிகை நறுக்கு ஒன்று அவர் கைக்கு வந்தது. 1856 ஜனவரியில், கென்டக்கியிலிருந்து உறைந்துகிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து தப்பிவந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, மீண்டும் அடிமையாகப் போகக் கூடாது என்று தம் சிறு மகளைக் கொன்றார் என்ற செய்தி அது. அந்தக் காலத்து அடிமை வாழ்வைப் பற்றி மாரிசன் ஆழமாகப் படித்தார். ஆனால் மார்கரெட் கார்னரின் வாழ்க்கை விவரங்களை அதற்கு மேல் தேடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். இறந்த குழந்தை திரும்பிவந்து தாயின் வீட்டுக் கதவருகே நின்றால் என்ன ஆகும் என்று நறுக்கில் இல்லாத ஓர் இடத்துக்கு அவர் போக முடிந்தது அதனால்தான். அந்த நறுக்கு 'பிலவ்ட்' என்ற நாவலாக 1987-இல் வெளிவந்தது.

தாங்கள் விசாரித்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 38 பக்கம் எழுதிய பிறகு விசாரித்தீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பக்கங்களில் தாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்திருப்பீர்கள் அல்லவா? அது என்ன?

பதில் 2: கரிப்புக்காற்று

படித்துறை ஐயா சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதைப் பொது விதியாக ஏற்றுக்கொண்டால், விசாரிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நல்ல சாக்காகிவிடும். நான் தூத்துக்குடிக்காரி. என் ஆச்சியும் அம்மாவும் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர்கள். ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலைக் கல்லூரியில் படித்தபோது, எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பார்த்தவர் எழுதியதைப் போல இருந்தது. கருவைத் தேடி அவர் விருந்துக்குப் போகவில்லை, அளத்துக்கு வந்தார். உப்பளத் தொழிலாளர்களோடு பேசினார், அவர்கள் வீடுகளைப் பார்த்தார், பிறகு எழுதினார். மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', தீப்பெட்டித் தொழிலில் வதைபடும் குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்', நீலகிரிப் படகர்களைப் பற்றி 'குறிஞ்சித்தேன்' என்று அவர் நாவல்கள் பலவும் இவ்வாறு ஓர் இடத்துக்குப் போய், அங்குள்ளவர்களைக் கேட்டு, அதிலிருந்து விளைந்தவையே. கணவர் மின்துறைப் பொறியாளர் என்பதால் பல ஊர்களில் வாழ நேர்ந்தது அவருக்கு உதவியாக இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது பணி மாற்றல். அவருக்கு அடுத்த நாவல்.

தெரிந்துகொள்வதால் எதுவும் சாவதில்லை. பாத்தியில் நாள் முழுவதும் நிற்பவர்களின் உள்ளங்கால் தோல் எப்படி வெடிக்கும், அந்த வெடிப்பில் உப்புநீர் புகுந்தால் இரவு எப்படி எரியும், வெள்ளை வெயில் கண்ணைக் குத்தும்போது வாருபலகையை எந்தக் கோணத்தில் இழுப்பார்கள் என்பவையெல்லாம் தெரியாமல் அந்த நாவலை எழுதியிருக்கவே முடியாது. என் அம்மா இரவில் காலை நீட்டி உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவுவார். தடவி முடிக்கும் வரையில் யாரும் பேசக் கூடாது. இதைக் கற்பனையால் எட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் சில நாவல்களில், சேகரித்த செய்திகள் அத்தனையையும் சொல்லிவிட வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி கதையின் தோளில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அங்கே படித்துறை ஐயாவின் பேச்சு ஓரளவு பொருந்தும்.

நான்கெல்லை அண்ணன் விசாரித்ததில் கோளாறு இல்லை; விசாரித்த பொருளில்தான் கோளாறு. "ஏன்" என்று விசாரித்தார். அதற்கு விடை கிடைத்ததும் கதை முடிந்துவிட்டது. "எப்படி" என்று விசாரித்திருந்தால் முடிந்திருக்காது. எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். நன்றாகக் காய்க்கும் நாட்டுத் தென்னை ஆண்டுக்கு எண்பது, நூறு காய் கொடுக்கும். ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை மரமேறுபவர் வருவார். ஒரு மரத்தில் ஒரு வெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் கிடைக்கும். அந்தப் பத்துக் காய்க்காகப் பத்திரத்தில் ஒரு வரி! இனி 45 நாளுக்கு ஒருமுறை, ஆறு மரத்துக் காய்களைத் தனியாகவும் அந்த ஒரு மரத்துக் காய்களைத் தனியாகவும் மருமகள் குவிக்க வேண்டும். மரமேறுபவருக்குக் கூலி யார் கொடுப்பது? கிணற்றடி மரத்துக் காய் வேறு குவியலில் உருண்டுபோனால் யார் எடுத்து வைப்பது?

பதில் 3: மெய்க்கீர்த்தி

நான்கெல்லை அவர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய ஒரு செய்தி: தமிழில் மிகுதியாக வாசிக்கப்பட்ட வரலாற்று நாவலான, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னின் கருவும் ஒரு நில ஆவணத்தில்தான் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் உள்ள அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. உடையார்குடிக் கல்வெட்டு என்று அதைச் சொல்வார்கள். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோருடைய உறவினர்கள் வரையில் அனைவரின் சொத்துகளையும் பறிப்பதற்கான அரசாணையையும், அவ்வாறு விற்கப்பட்ட நிலம் அறத்துக்கு விடப்பட்டதையும் அது சொல்கிறது. நிலம் யாருடையது, யார் வாங்கினார், எதற்கு விட்டார் என்பவையெல்லாம் தங்கள் தொழிலுக்குப் பழகிய செய்திகள்தாம். கொன்றவர்களின் பெயர் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதற்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

அந்த இல்லாத சொல்தான் கல்கிக்குக் கிடைத்த புதையல். இராசராசனின் அண்ணனான இந்த ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்கும் கொலையாளிகளின் சொத்து பறிபோனதற்கும் இடையில், இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. அவ்வளவு காலம் துரோகிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை என்ற கேள்வியில் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியாரும் தி.வை.சதாசிவ பண்டாரத்தாரும் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள். முன்னவர் உத்தம சோழனை ஐயுற்றார். பின்னவர் அதை மறுத்தார். ஆய்வாளர்கள் உடன்படாத அந்த விரிசலுக்குள் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் நடந்தது. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறக்கும் இடத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். கொன்றது யார் என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டிருக்கிறார். கல்வெட்டு வாயடைத்து நின்ற இடத்தில் நாவலும் விளக்கை அணைத்துவிடுகிறது. நாவலின் முதற்காட்சி, ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் போகும் வீரநாராயண ஏரிக்கரை, இந்தக் கல்வெட்டு இருக்கும் ஊரை ஒட்டியே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

அந்த வந்தியத்தேவனே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வரும் ஒரு பெயர்தான். நந்தினிக்கு அந்தப் பெயரளவு ஆதாரம்கூட இல்லை. முழு வாழ்க்கை வரலாறும் கிடைத்திருந்தால் கல்கி அவர்களை இவ்வளவு சுதந்திரமாக ஓடவிட்டிருக்க மாட்டார்.

பதில் 4: ஒரு வரி வாசகர்

எல்லோரும் செய்தியையும் ஆவணத்தையும் சொல்கிறீர்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னருக்கு 'தி சவுண்ட் அண்ட் த ஃபியூரி' ஒரு காட்சியாகத்தான் வந்தது. சேறு படிந்த உள்ளாடையோடு ஒரு சிறுமி பேரிமரத்தில் ஏறி, ஜன்னல் வழியாகப் பாட்டியின் சாவுச் சடங்கைப் பார்த்து, கீழே நிற்கும் சகோதரர்களுக்குச் சொல்கிறாள். அவ்வளவுதான். அவள் யார், சேறு எப்படிப் பட்டது என்று சொல்லப் போய்ச் சிறுகதையில் அடங்காமல் நாவலாயிற்று. நான்கெல்லை அவர்களின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகளும் அப்படியொரு காட்சிதான். மரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே.

கேட்டவரின் மறுமொழி: நான்கெல்லை

படித்துறை ஐயா கேட்டதற்குப் பதில். என் 38 பக்கத்தில் நான் கற்பித்த காரணம் இது: வீடு கைவிட்டுப் போனபின் மகன் எப்போதாவது வந்து வாசலில் நின்றால், மருமகளைக் கேட்காமல் தம் கையால் அவனுக்கு ஓர் இளநீராவது வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்த அம்மாள் மரத்தை வைத்துக்கொண்டார். ஊர்க்காரர் சொன்ன காரணம் இதைவிடச் சாதாரணமானது. அதை இங்கே எழுதினால் ஆளை அடையாளம் காட்டிவிடும்.

தங்கச்சி சொன்ன 45 நாள் கணக்கு என்னை ஓர் இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. ஆனால் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. நடந்து ஐந்தாறு ஆண்டாகிவிட்டது. சூடு ஆறிப்போன கருவை மறுபடி எடுக்கலாமா?

பதில் 5: இரண்டாம் ஆட்டம்

ஐந்தாறு ஆண்டு என்பது நாவலில் ஒரு காலமே அல்ல. அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தார். 1948-இல் இந்திய இராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது அவருக்கு 17 வயது நிறையும் தறுவாய். அந்த நாட்களைச் சொல்லும் '18வது அட்சக்கோடு' நூலானது 1977-இல். ஏறத்தாழ 30 ஆண்டு இடைவெளி. நடுவில் தகப்பனார் மறைந்து, 1952-இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் 14 ஆண்டு வேலை பார்த்தார். அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து பலவகைச் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது. எந்நேரமும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும் அவரைப் பார்த்தவர்கள், வேலையே இல்லாத ஆள் என்று நினைத்தார்களாம். கருவைத் தேடுபவர் பத்திரிகை நறுக்குகளைச் சேர்க்க வேண்டும் என்று பாடம் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்தனை ஆண்டு நறுக்குகளை வெட்டிய மனிதர் எழுதியது நறுக்குகளைப் பற்றியல்ல. ஸ்டுடியோவின் வெளிச்சம் படாத மூலைகளில் இருந்த புரொடக்ஷன் ஆட்களைப் பற்றி 'கரைந்த நிழல்கள்' எழுதினார்; அதுவும் 1966-இல் வேலையை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

ப.சிங்காரத்தையும் சொல்ல வேண்டும். இளம் வயதில் சுமத்ராவின் மெடான் நகருக்குப் பிழைக்கப் போய், ஜப்பானியர் ஆட்சியையும் போரையும் அங்கே கண்டு, போர் முடிந்த பிறகு ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தவர். 'புயலிலே ஒரு தோணி' நூலாக வந்தது 1972-இல். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல்கள்; இரண்டும் அந்தச் சில ஆண்டுகளிலிருந்து வந்தவை. அவருக்கு வேறு கரு தேவைப்படவில்லை.

டால்ஸ்டாய் விஷயத்தில், இருப்பு வைத்த ஒன்றும் புதிதாக வந்த ஒன்றும் சந்தித்துக்கொண்ட நாள்கூடத் தெரியும். 1870-இல், உயர்குடியில் மணமாகி வழிதவறிய ஒரு பெண்ணைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரங்கத்தக்கவளாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் தோன்றியிருப்பதாக மனைவியிடம் சொன்னார். மனைவி அதைக் குறித்து வைத்திருக்கிறார். எண்ணம் இருந்ததே தவிர எழுத்து நகரவில்லை. 1872 ஜனவரியில், பக்கத்துப் பண்ணைக்காரரோடு வாழ்ந்துவந்த ஆன்னா என்ற பெண், அவர் வேறொருத்தியை மணக்கப்போவதை அறிந்து, அருகிலிருந்த யாசென்கி ரயில் நிலையத்தில் சரக்கு ரயில் முன் விழுந்து இறந்தாள். பிணப் பரிசோதனை நடந்தபோது டால்ஸ்டாய் நேரில் போய்ப் பார்த்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் 'அன்னா கரீனினா' தொடங்கியது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை நாவலில் இல்லை. அவள் பெயரும் முடிவும் மட்டுமே இருக்கின்றன. 1870-இல் தோன்றிய சீமாட்டிக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அது ரயில் நிலையத்தில் கிடைத்தது. 'புத்துயிர்ப்பு' நாவலுக்கான கரு 1887-இல் ஒரு சட்ட வல்லுநர் சொன்ன வழக்கிலிருந்து வந்தது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைப் பார்த்த ஜூரி ஒருவர், முன்பு தாம் கெடுத்துக் கைவிட்டவள் அவளே என்று அறிந்துகொண்ட வழக்கு. நாவல் வெளிவந்தபோது 1899. இடையில் எத்தனையோ முறை கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

ஆகவே, நான்கெல்லை அவர்களே, தங்களிடம் இருப்பது ஒரு மரம். அதற்கு முன்பே, பத்திரத் தொழிலுக்கு வருவதற்கும் முன்பே, தங்களுக்குள் கிடக்கும் இன்னொன்று எது என்று பாருங்கள். வீட்டை விட்டுப்போன யாருக்காகவாவது தங்கள் வீட்டில் எதையாவது எடுத்து வைத்திருந்தார்களா? இளநீர்க் காரணம் சும்மா தோன்றியிருக்காது.

பதில் 6: மாடிப்படி

இன்னொரு வழியும் உண்டு. எழுதி முடித்ததன் விடையை மாற்றிப் பார்ப்பது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். கதை வந்ததும் வாசகர்களிடையே பெரிய சர்ச்சை எழுந்தது. அதற்குப் பதில் சொல்லி அவர் வாதாடியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்தத் தாய் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் எழுதி, பத்திரிகையில் வந்த கதையாக இடம்பெறுகிறது. 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. நிகழ்வு ஒன்றே, தாயின் வாயிலிருந்து வரும் சொல் ஒன்று மாறியதும் நானூறு பக்கம் தேவைப்பட்டுவிட்டது.

ஊர்க்காரர் சொன்னதை மறக்க முடியவில்லை என்றால், மறக்க வேண்டாம். அதில் ஒன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள். உதாரணமாக, அந்த வரியைக் கேட்டது மாமியார் அல்ல, மருமகள் என்று வைத்துக்கொண்டால்?

கேட்டவரின் மறுமொழி: நான்கெல்லை

எல்லோருக்கும் நன்றி. மாடிப்படி அவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஆட்டம் கேட்டதற்கு நேர்ப்பதில் சொல்ல இன்னும் மனம் வரவில்லை. ஆனால் எங்கள் சித்தப்பா பம்பாய்க்குப் போய்த் திரும்பாத ஆண்டுகளில், பாட்டி ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருடைய அளவில் ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைத்துவந்தார் என்பது நினைவுக்கு வந்தது. பாட்டி இறந்தபின் பெட்டியைத் திறந்தபோது 11 வேட்டிகள் இருந்தன. மடிப்புக் கலையாத வேட்டிகள். மடிப்புக் கோட்டில் மட்டும் பழுப்பேறியிருந்தன.

பழைய 38 பக்கத்தையும் ஓரம் வைத்துவிட்டேன். புதிதாக எழுதத் தொடங்கிய முதல் அத்தியாயத்தில் பத்திரம் பதிவாகி 45 நாள் கழிந்திருக்கிறது. மரமேறுபவர் வந்துவிட்டார். மாமியார் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து எண்ணுகிறார். மருமகள் கொல்லைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அவரும் எண்ணுகிறார். ஒருவர் பத்து என்கிறார், மற்றவர் ஒன்பது என்கிறார்.

கரிப்புக்காற்று தங்கச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். கதை 1990-களின் நடுவில் நடப்பதாக வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் உங்கள் பக்கம் மரமேறுபவருக்குக் கூலியைக் காசாகக் கொடுத்தார்களா, மரத்துக்கு ஒரு காய் என்று கொடுத்தார்களா? காய்தான் என்றால், அந்தப் பத்தாவது காய் எங்கே போயிற்று என்பதை நான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.